ஒன்பது கிண்ணங்களின் ஓய்வுநாள்

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு லோசலினே தன் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு எட்டு, தனக்கு ஒன்று என்று ஒன்பது பீங்கான் கிண்ணங்களை ஒன்பது முக்காலிகளின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, சுற்றி நின்ற எட்டுப் பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தத் தடவை எவனாவது அவசரப்பட்டீங்க, கடல்ல தூக்கிப் போட்டுடுவேன். பொம்பளைப் பிள்ளைங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை கெடுத்தவர்கள் அவர்கள். முதல் முறை அடுப்பின் சுடரைக் கூட்டிவைத்துவிட்டுப் பேச்சில் இருந்தார்கள். நீலக் கரைசல் முழுக்க வற்றி, வெடித்துத் தெறித்து, கிண்ணத்தின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பொடிதான் மிஞ்சியது. என்ன இது என்று குனிந்து பார்த்த தலைமை ஆசிரியர் பௌலியாசியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அதில் விழுந்தது. விழுந்த இடம் பளிச்சென்று நீலமாக மாறியது. மனிதர் அன்றைக்கு வெளியே ஓடியவர்தான், அதற்குப் பிறகு ஆய்வக வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கே யோசிப்பார். இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறவைத்த கிண்ணங்களை மறுநாள் ஒருவன் ஜன்னலோரம் நகர்த்தினான், மத்தியானம் ஒருத்தி திரும்ப நடுவில் வைத்தாள், மாலையில் எட்டு பேரும் முறை வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். விளைந்தது நீலச் சேறு.

இது மூன்றாம் முறை. செம்புப் பொடி டப்பாவின் அடியைச் சுரண்டியாகிவிட்டது, நாலாம் முறை என்று ஒன்று கிடையாது. தலைநகர் நுக்குவாலோஃபாவில் இருக்கும் பள்ளித் தலைமையகம் கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எட்டு மாணவர்களும் தங்கள் கையால் செய்த மயில்துத்தப் படிகங்கள் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிப் படகில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வருஷம் இந்தத் தீவில் வேதியியல் வகுப்பே கிடையாது. படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரிய தீவுக்குப் போய்ப் படித்துக்கொள்ளட்டும். எட்டுப் பேரில் அப்படிப் போகக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். லோசலினேவுக்குத் தையல் வகுப்பு தருவதாக எழுதியிருந்தார்கள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. ஆனால் பதினோரு வருஷமாக இந்த நாலு சுவருக்குள் அவள் கட்டிக் காத்தது ஒன்று உண்டென்றால் அது இந்த வகுப்புதான்.

கரைசலை வற்ற வைப்பது தேங்காய்ப்பாலை வற்ற வைப்பது மாதிரிதான், கண்ணை எடுத்தால் போச்சு. சிறு தீயில் ஆவி அடங்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அவ்வப்போது கண்ணாடிக் கோலை முக்கியெடுத்துக் காற்றில் ஆற விட வேண்டும். கோலின் நுனியில் பொடிப்பொடியாகப் படிகம் பூத்தால் அடுப்பை அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மனிதர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒன்றரை நாள் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, மேசையில் சாயக்கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு வராததும் அதுதான்.

நாலு மணிக்கு ஹோப்போவாத்தே சாவிக்கொத்தோடு வந்தார்.

அவர் லோசலினேவுக்குத் தாய்மாமன். தேவாலய நிர்வாகி, பள்ளிக்குழுத் தலைவர், அறுபத்திரண்டு வயது, எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டிய பாய் எப்போதும் விறைப்பாக இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளியை ஓய்வுநாளுக்கு ஒடுக்கி வைப்பது அவர் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஊஞ்சல் கயிற்றை மரத்தோடு சேர்த்துக் கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை காற்றடித்து அது ஆடிவிடக் கூடாதே. வாலிபால் பந்தில் காற்றைப் பிடுங்குவார். தலைமை ஆசிரியர் அறைக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைப்பார். பௌலியாசி திங்கட்கிழமைகளில் தாமதமாக வருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்றுதான் ஊரில் பேச்சு. வீட்டில் கடிகாரம் இல்லாமல் பள்ளி ஜன்னல் வழியாக மணி பார்த்துக் கிளம்புகிற மனிதர் அவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"என்னது இது, இவ்வளவு நீலமா?" என்றார் மாமா.

"மயில்துத்தம் மாமா. இப்ப அடுப்பை அணைச்சிடுவோம். அப்புறம் படிகம் கட்டும்."

"எப்பக் கட்டும்?"

"நாளைக்குப் பூரா கட்டும். நாம ஒன்னும் பண்ண வேண்டாம், அது பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் விஷயம் பெரிதாகப்போகிறது என்று தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார்.

"தெரியும் மாமா."

"நாளைக்கு எங்க மீன்வலை காயாது. படகு மிதக்கும், ஆனா போகாது. நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள ஒன்பது கிண்ணம் மட்டும் பூட்டின கதவுக்குப் பின்னால வேலை பார்க்கும். அப்படித்தானே?"

"அது வெறும் தண்ணி மாமா!"

"மாட்டுக்கும் அன்னிக்கு ஓய்வு குடுக்கணும்னு கட்டளை இருக்கு. மாட்டுக்கே உண்டுன்னா தண்ணிக்குக் கிடையாதா? தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?"

எங்கள் வழக்கத்தில் சகோதரியின் பிள்ளைக்குத் தாய்மாமன் வீடு திறந்த வீடு. கேட்காமல் எடுக்கலாம், எடுத்ததைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் கிடையாது. லோசலினே பட்டம் வாங்கிய விருந்துக்கு அவருடைய பெரிய பன்றியை ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டு நல்ல பாய்களை எடுத்தாள். ஒருமுறை கொட்டும் மழையில் அவர் பிடித்திருந்த குடையையே கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். மாமா நனைந்துகொண்டே சிரித்தார். ஆகவே இப்போதும் அவள் அந்த உரிமையிலேயே கையை நீட்டினாள்.

"மாமா, எனக்கு இந்த ஒரு ஞாயித்துக்கிழமையைக் குடுங்க."

"பன்னி வேணுமா, இப்பவே அவுத்துக்கோ. வீடு வேணுமா, நான் போய் மரத்தடியில படுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை என்னோடது இல்லையே லோசா. என்னோடது இல்லாததை நீ எப்படி எங்கிட்ட எடுப்பே?"

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

பள்ளிக்குழு அங்கேயே கூடியது. குழு என்றால் மூன்று பேர். மாமா, வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்ற பௌலியாசி, ரொட்டிக்கடை லிசியாத்தே. எங்கள் ஊரில் கவா வேர்ப் பானம் கலக்காமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. அதனால் நாலுகால் மரப் பாத்திரம் ஒன்று வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தது. ஒரு மேசையில் நீலம் கொதித்தது, மறு மேசையில் சேற்று நிறத்தில் கவா கலங்கியது. லோசலினே ஒரு கையில் கண்ணாடிக் கோலும் மறு கையில் தேங்காய்ச் சிரட்டைக் கவாவுமாக இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

பௌலியாசி சாந்தமானவர், சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார். அவர்தான் முதலில் வழி தேடினார். "ஞாயித்துக்கிழமை காலையில எல்லா வீட்டுலயும் மண்ணடுப்பு புகையுது. அதை யாரும் தப்புன்னு சொல்லலையே?"

"அது சாப்பாடு" என்றார் மாமா.

"அப்ப இதையும் சாப்பாடுன்னு எழுதிட்டா என்ன? லோசலினே, இதைச் சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடலாம் சார். திங்கட்கிழமை உங்களைப் புதைச்சிடலாம்."

பௌலியாசி படியிலிருந்த காலையும் வெளியே எடுத்துக்கொண்டார்.

"சரி, நான் ஒன்னு கேக்கறேன்" என்று மாமா தொண்டையைக் கனைத்தார். "ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டா இந்த ஊர்ல அபராதம். ஏன்? துணியில இருக்கற தண்ணி மேல போகுது. சரிதானே? இப்ப டீச்சர் சொல்லட்டும். துணியில இருந்து தண்ணி போறதுக்கும் கிண்ணத்துல இருந்து தண்ணி போறதுக்கும் என்ன வித்தியாசம்?"

எட்டு பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். போன மாதம்தான் இதே அறையில், இதே கரும்பலகையில், அவள் கொடியில் தொங்கும் ஒரு சட்டையையும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தையும் வரைந்து, இரண்டும் ஒன்றுதான் என்று நடத்தியிருந்தாள். படம்கூட இன்னும் முழுசாக அழியவில்லை, சட்டையின் ஒரு கை தெரிந்தது.

"வித்தியாசம் இல்ல" என்றாள் எரிச்சலோடு.

"டீச்சரே சொல்லிட்டாங்க!"

லோசலினேவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப மாவு? லிசியாத்தே அண்ணன் கடையில ஞாயித்துக்கிழமை மாவு பொங்குதே, அது என்ன, தூங்கிக்கிட்டா பொங்குது?"

அதுவரை கவாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த லிசியாத்தேவுக்குப் புரையேறியது. எப்போதோ ஒரு புயல் வருஷத்தில் ஊர் பசியோடு கிடந்தபோது கிடைத்த அனுமதியில்தான் அவருடைய கடை ஞாயிறு சாயங்காலம் திறக்கிறது. தீவு முழுக்க அந்த ரொட்டியைத் தின்றுகொண்டே அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறது. "ஏம்மா தங்கச்சி, என்னை ஏன் இழுக்கற?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். "நான் இங்க கவா குடிக்கத்தானே வந்தேன்?"

"மாவு சாப்பாடு" என்று மாமா மறுபடியும் தீர்ப்பாகச் சொன்னார். "பேச்சை மாத்தாதே. ஒரே வழிதான் இருக்கு. இருக்கற தண்ணியெல்லாம் இன்னிக்கே கொதிக்க வச்சு வேலையை முடிச்சிடு."

"முடிச்சா வெள்ளைப் பொடிதான் மாமா வரும்! சார் நெத்தியில இருந்து..."

அந்த நேரம் கலோலைனே என்கிற பெண் கோலை மேலே தூக்கினாள். நுனியில் நீலத் துகள்கள் மினுங்கின.

"நிறுத்து!" என்று லோசலினே கத்தினாள்.

மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவரை அப்படி ஒருவர் அடக்கியது அறுபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் முறை. ஒன்பது அடுப்புகளும் வரிசையாக அணைந்தன. கிண்ணங்களில் கொதி அடங்கியது. அந்த அமைதியில்தான் லோசலினேவுக்கு ஒன்று தோன்றியது. இனிமேல் தண்ணீர் வெளியே போகத்தான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கரைசல் போதுமான அளவு செறிந்துவிட்டது. ஆறினாலே போதும், படிகம் கட்டும்.

"மாமா, மூடி வச்சிடறேன். ஒவ்வொன்னுக்கும் மேல ஒரு தட்டு. ஒரு சொட்டு வெளிய போகாது. அப்பத் துணி காயற கதை இல்லையே?"

மாமா தட்டுகளைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை இல்லை. லிசியாத்தே தப்பித்தோம் என்று உடனே சம்மதித்தார். பௌலியாசி வெளியிலிருந்தே தலையாட்டினார்.

"சரி" என்றார் மாமா கடைசியில். "ஆனா மூடின தட்டுக்கடியில என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் நாளைக்கு இங்கயே உட்கார்ந்திருப்பேன். வேலை பார்க்கலைன்னா திங்கட்கிழமை படகுல ஏறட்டும். பார்த்ததுன்னா நானே எடுத்துக்கிட்டுப் போய்க் கொட்டிடுவேன். சாட்சி நான்தான்."

அதில் யாருக்கும் மறுப்பில்லை. மாமா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. எங்கள் தீவில் அவருக்கு வேண்டாதவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் பெரிய குறையே அதுதான். லோசலினேவுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் அன்றிரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆறும்போது படிகம் கட்டத்தான் போகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர் அதைப் பார்க்கத்தான் போகிறார்.

ஞாயிறு காலை விடியுமுன் தேவாலயத்து மரமுரசு ஒலித்தது, மண்ணடுப்புகள் புகைந்தன. தேவாலயத்தில் முதல் வரிசையில் மாமாவின் இடம் காலியாகக் கிடந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு வழிபாட்டையும் தவறவிட்டதில்லை. அவருடைய கல்யாணத்துக்கு மறுநாள்கூட வந்திருந்தார். போதகர் அந்த வெற்றிடத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, மரணப்படுக்கையில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்தார். பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் அழவே தொடங்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல லோசலினே எழுந்தாள், எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வழிபாடு முடிந்ததும் சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்கு நடந்தாள். மாமா உள்ளே இல்லை. கட்டடத்தைச் சுற்றி, பாட்டுப் புத்தகத்தை ஓங்கியபடி, சத்தம் வராமல் நுனிக்காலில் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய பன்றிதான். ஆய்வகத்தைத் தாங்கும் மரத்தூணில் முதுகு சொறிய வந்திருக்கிறது.

"ஆட்டக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்று கிசுகிசுத்தார். "காலையில இருந்து ஆறு தடவை வந்துடுச்சு. சனியன், வேற தூணே கிடைக்கலையா அதுக்கு?"

"நீங்க சாப்பிடுங்க மாமா."

"இரு. முதல்ல இங்க வா. இதுக்குப் பதில் சொல்லு." உள்ளே கூட்டிப்போய், மேசைக் கோடியில் இருந்த ஒன்பதாவது கிண்ணத்தின் தட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். தட்டின் அடியில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. "வேர்த்திருக்கு. வேலை பார்க்காமலா வேர்க்கும்?"

"நீங்களும்தான் வேர்த்து வழியறீங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

மாமா சட்டையின் முதுகு ஒட்டிப்போயிருப்பதைக் கையால் தடவிப் பார்த்தார். தட்டை மெல்ல மூடினார். "சாப்பாட்டை வெளிய எடுத்துட்டுப் போ" என்றார். "மென்னா மேசை ஆடும்."

மாலை வழிபாட்டுக்குப் பிறகு அவள் மறுபடி போனபோது மாமா உயரமான நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் மேசையில் பதிந்திருந்தது. கண்ணுக்கு நேராக ஒன்பதாவது கிண்ணம், தட்டில்லாமல். கையில் ஒரு தென்னங்குச்சி. அவள் காலடி கேட்டதும் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தார்.

"தொறந்துட்டீங்களா?" என்றாள்.

"சாட்சி சொல்லணும்னா பார்க்க வேண்டாமா?"

"எத்தனை தடவை தொறந்தீங்க?"

மாமா ஒரு கையை விரித்துக் காட்டினார். பிறகு மறு கையையும் விரித்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா?"

"சேச்சே. பிள்ளைங்களோடதுல கை வைப்பேனா? இது உன்னோடது, டீச்சர் கிண்ணம். இதை மட்டும்தான். குச்சியால லேசா நகர்த்திப் பார்த்தேன், உயிர் இருக்கான்னு." அவர் எழுந்து உட்கார்ந்தார். "வளருது லோசா. ஓரத்துல வளருது. நான் பார்த்துட்டேன்."

அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்து போனது. மூன்று மாதமாக ஆவியிலும் புகையிலும் நின்ற பிள்ளைகள். கலோலைனே ராத்திரியில் தூக்கத்தில்கூடக் கோலை முக்கியெடுக்கிற மாதிரி கையை ஆட்டுகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

"மாமா, உங்க வீட்டுல எதைக் கேட்டாலும் எனக்கு உண்டு. நாளைக்கு நீங்க சொல்லப்போற ஒரே ஒரு வார்த்தையை எனக்குக் குடுங்க. பார்க்கலைன்னு சொல்லுங்க."

"பன்னியை எடுத்தே, பாயை எடுத்தே, குடையை எடுத்தே" என்றார் மாமா. "நாக்கை எப்படிம்மா எடுப்பே?"

அவள் அழுதாள். மாமா அவளைத் தேற்றத் தெரியாமல் தென்னங்குச்சியை உடைத்து இரண்டாக்கினார், நாலாக்கினார். பிறகு இருட்டத் தொடங்கியது, பன்றி மறுபடி வந்தது, மாமா நுனிக்காலில் எழுந்து போனார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் குழு கூட வேண்டும். மாமா வந்துவிட்டார், லிசியாத்தே வந்துவிட்டார், பிள்ளைகள் விடிந்ததும் வந்து வாசலில் நின்றார்கள். பௌலியாசியைக் காணோம். ஒன்பதானது. ஒன்பதரையானது. படகு அலைதடுப்புக்குள் நுழைந்து ஒலி எழுப்பியது. லோசலினே நகத்தைக் கடித்துத் துப்பினாள். பத்து மணிக்கு ஆற அமர நடந்து வந்த பௌலியாசி, கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் எல்லாரும் சீக்கிரமே வந்துட்டீங்க? பள்ளிக்கூட மணி இன்னும் சனிக்கிழமை சாயங்காலத்துலயே நிக்குதே?"

மாமா கடிகாரத்தின் பக்கத்தில் படுத்திருந்த பேட்டரியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். லோசலினே தலையசைத்ததும் எட்டு தட்டுகளும் ஒன்றாக மேலே போயின.

எட்டு கிண்ணங்களிலும் தெளிந்த நீருக்கடியில், கட்டைவிரல் நகம் அளவில், சாய்ந்த பட்டைகளோடு கரு நீலப் படிகங்கள் கிடந்தன. ஒன்றில் ஒன்று சாய்ந்தும், ஓரம் கூர்ந்தும், கண்ணாடி வெட்டி வைத்தது போல இருந்தன. கலோலைனே இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லிசியாத்தே ரொட்டியைத் தொடுகிற ஆசையோடு விரலை நீட்டினார், லோசலினே அந்த விரலைத் தட்டிவிட்டாள்.

"ஹோப்போவாத்தே" என்று பௌலியாசி மெல்லக் கேட்டார். "சொல்லுங்க. இதுங்க நேத்து வேலை பார்த்ததா, இல்லையா?"

மாமா தொப்பியைக் கழற்றினார். லோசலினே கண்ணை மூடிக்கொண்டாள்.

"வளர்ந்துச்சு" என்றார் மாமா. "என் கண்ணால பார்த்தேன். ஞாயித்துக்கிழமைதான் வளர்ந்துச்சு."

பிள்ளைகளில் ஒன்று விசும்பியது கேட்டது.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல." மாமா நடந்து போய் ஒன்பதாவது தட்டைத் தூக்கினார். உள்ளே படிகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாவு கொட்டியது போல நீலப் பொடி, கட்டி கட்டியாக, நடுவில் உடைந்த தென்னங்குச்சித் துண்டு ஒன்று. "எல்லாம் ஒரே மாதிரி அடுப்புல வச்ச ஒரே தண்ணி. இந்தக் கிண்ணத்துக்கு மட்டும் ஓய்வு கிடைக்கல. நான் விடல. தொறந்தேன், குத்தினேன், ஊதினேன், பேசிக்கூடப் பார்த்தேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அதையும் வேலை வாங்கினேன், நானும் வேலை பார்த்தேன். கடைசியில பாருங்க, எங்களுக்கு என்ன மிச்சம்னு." கிண்ணத்தைச் சற்றே சாய்த்துக் காட்டினார். நீலச் சேறு ஒரு பக்கமாக வழிந்தது. "அந்த எட்டும் அசையல. ஒரு சத்தம் இல்ல. இந்தத் தீவுல நேத்து ஒழுங்கா ஓய்வுநாளை அனுசரிச்சது யாருன்னு கேட்டா, சத்தியமா சொல்றேன், இதுங்க எட்டும்தான். சும்மா இருந்ததாலதான் வளர்ந்திருக்கு. வேலை பார்த்தது நான் ஒருத்தன். கொட்டறதுன்னா என்னைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்க."

லிசியாத்தே முதலில் கையைத் தூக்கினார். பௌலியாசி இரண்டு கையையும் தூக்கினார். லோசலினே ஓடிப்போய் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் சங்கடத்தோடு கிண்ணத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், இனி அதற்கு அவசியம் இல்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது.

எட்டுக் கிண்ணத்துப் படிகங்களையும் பஞ்சில் பொதிந்து, பிள்ளைகளின் பெயர் எழுதிய குப்பிகளில் அடைத்து, பதினொன்று ஐம்பதுக்குப் படகில் ஏற்றினார்கள். குழு அதற்குள் இன்னொரு தீர்மானமும் போட்டிருந்தது. தேவாலய நிர்வாகி ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காவல்காரர் வேலை பார்த்ததைத் தானே ஒப்புக்கொண்டதால், வழக்கப்படி அபராதமாகத் தேவாலயத் தோட்டத்துப் புல்லை அவரே வெட்ட வேண்டும். படகு கிளம்பும்போது மாமா கொளுத்தும் வெயிலில் அரிவாளோடு குனிந்திருந்தார். அந்தப் பக்கம் போன பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர், செத்துப்போனவர் புல் வெட்டுகிறாரே என்று அலறிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமையகத்தின் கடிதம் வந்தது. வகுப்பு தொடரலாம். அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். இத்தனை பெரிய படிகங்களை எந்தப் பள்ளியும் அனுப்பியதில்லை, என்ன முறையைக் கையாண்டீர்கள்? லோசலினே பதில் எழுத உட்கார்ந்து, மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மூடி வைத்தோம், ஒரு பொறுப்பான ஆளைக் காவலுக்குப் போட்டோம்" என்று எழுதினாள்.

அந்தச் சனிக்கிழமையும் மாமா நாலு மணிக்குச் சாவிக்கொத்தோடு வந்தார். ஊஞ்சலைக் கட்டினார், பந்தில் காற்றைப் பிடுங்கினார். கடிகாரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, பேட்டரியை அதிலேயே விட்டுவிட்டார். கடைசியாக ஆய்வகத்துக்கு வந்தார். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது, கிண்ணங்கள் அலமாரியில் கவிழ்ந்திருந்தன. அவர் சாவியைப் பூட்டில் செருகினார், திருப்பாமல் அப்படியே நின்றார்.

"ஏன் லோசா" என்றார், அவளைப் பார்க்காமல். "இந்த வாரம் ஓய்வெடுக்க யாரும் இல்லையா?"